பெர்பதோவும் விஜயனும்

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சுழன்று மேலேறும் அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு மேசையும் முந்தையதைவிடச் சற்று உயரம். கால்பந்தில் ஐ.எம். விஜயன் பெரியவரா, டிமிட்டார் பெர்பதோவ் பெரியவரா என்று வாதம் செய்யத் தோதான இடம். விஜயன் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றுக்கொண்டே ஆட்டம் பார்த்து வளர்ந்தவர். பெர்பதோவை மான்செஸ்டர் யுனைடெட் 2008இல் மூன்று கோடிப் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. இருவரும் கேரளத்தில் ஆடியிருக்கிறார்கள் என்பதால்தான் இந்த ஒப்பீடே சாத்தியம்.

பெர்பதோவ் 1981இல் பிளாகோவ்கிராட் நகரில் பிறந்தார். அப்பா கால்பந்து வீரர், அம்மா ஹேண்ட்பால் வீராங்கனை. சி.எஸ்.கே.ஏ. சோஃபியா, லெவர்குசன், டாட்டன்ஹாம், யுனைடெட் என்று படிப்படியாக ஏறினார். பல்கேரியாவுக்காக 48 கோல்கள். ஆனால் ஒரு உலகக் கோப்பையிலும் ஆடவில்லை.

அவர் ஓடமாட்டார், சோம்பேறி என்று சொல்பவர்கள் 2010 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த ஹாட்ரிக்கின் இரண்டாவது கோலைப் பார்க்க வேண்டும். சக வீரர் நானியின் கிராஸ் வருகிறது. கோலுக்கு முதுகு காட்டி நின்றபடி தொடையில் பந்தை ஏந்துகிறார். அது கீழே விழுவதற்குள் மல்லாந்து பின்னோக்கி உதைக்கிறார். பந்து குறுக்குக் கம்பியில் பட்டு உள்ளே போகிறது. தொடையில் பந்து அடங்கிய அந்தக் கணத்திலேயே பாதிக் கோல் விழுந்துவிட்டது. அந்தப் பருவத்தில் 20 கோல்களுடன் பிரீமியர் லீக்கின் அதிக கோல் பரிசை டெவெஸுடன் பகிர்ந்துகொண்டார். அப்படியும் 2011 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு மாற்று வீரர் பட்டியலில்கூட அவருக்கு இடமில்லை. எனக்கு அது இன்றும் அநியாயமாகவே படுகிறது.

விஜயனுக்கு அப்படிப்பட்ட கிராஸ்கள் எத்தனை வந்திருக்கும்? பதின்பருவத்தில் கேரள போலீஸ் அணிக்கு வந்தார். 1990இல் அந்த அணி அவருடைய சொந்த ஊரான திருச்சூரிலேயே ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி என்று அருமையான கூட்டணி. பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின். ஆனால் அவர் கால் பழகியது மேடுபள்ளத் தரையிலும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மைதானங்களிலும். அங்கே பந்து எப்படித் துள்ளும் என்று பாஸ் கொடுப்பவனுக்கே தெரியாது. கிடைத்த பந்தை மார்பிலோ தொடையிலோ அடக்கி, இரண்டு பேரைத் தாண்டி, தானே முடிக்க வேண்டும். 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக 12 விநாடியில் அவர் அடித்த கோலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எதிரணி பூடான் என்பதால் நான் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. 34 வயதில், 2003 ஆப்ரோ-ஆசிய விளையாட்டில், நான்கு கோல்களுடன் அதிக கோல் அடித்தவர்களில் முதலிடம் பிடித்தது வேறு விஷயம். தமிழ் ரசிகர்களுக்கு அவரைத் ‘திமிரு’ படத்தின் வில்லன் கூட்டத்தில் பார்த்த ஞாபகம் இருக்கலாம்.

2017இல் 36 வயது பெர்பதோவ் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தார். ஒன்பது ஆட்டம், ஒரே கோல். போகும்போது இன்ஸ்டாகிராமில் பயிற்சியாளரைக் கிண்டலடித்தார்: ஸ்ட்ரைக்கரின் மார்புக்குப் பந்தைத் தூக்கிப் போடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர்களுடைய வியூகமாம். புகார் நியாயமானதே. ஆனால் அவர் ஒரு பருவத்தில் சலித்துப்போன அதே பந்தைத்தான் விஜயன் வாழ்நாள் முழுக்க வாங்கி ஆடினார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, தாமதமாக.

பந்தைத் தொடும் நேர்த்தியில் பெர்பதோவ் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர் மைதானத்தில், நம் ஊர் பாஸ்களை நம்பி ஒரு ஸ்ட்ரைக்கரை இறக்கச் சொன்னால், யோசிக்காமல் விஜயனைத்தான் இறக்குவேன்.