பள்ளத்தில் குடியிருப்பது யார்?

மழைக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் மழைநீர் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். அந்தப் பள்ளத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தது சாதி. சேலத்தின் வரலாற்றைப் புரட்டினால் இது விளங்கும்.

1876-இல் இரண்டு பருவமழைகளும் பொய்த்தன. தாது வருடப் பஞ்சம் வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைய சேலம் மாவட்டத்தில் அடக்கம். 1871 கணக்கெடுப்பில் அங்கே 19,66,995 பேர் இருந்தார்கள். 1881-இல் 15,99,595 பேர்தான். மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது. ஆனால் குதிரில் தானியமும் கையில் பட்டாவும் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். நிலமற்ற கூலிகள் நிவாரண வேலைக்குப் போனார்கள். 1877-இல் அங்கே ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாள்கூலி, ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சில்லறைக் காசும். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அதன் பிறகே அது உயர்ந்தது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1866-இல், சேலம் நகராட்சியாகியிருந்தது. நகரம் வளர வளர, மலம் அள்ளும் வேலையும் சாக்கடை வாரும் வேலையும் அருந்ததியர் தலையில் கட்டப்பட்டன. வேலைக்கு அழைத்த ஊர், தன் தெருவில் இடம் தரவில்லை. ஓடைக்கரையும் புறம்போக்கும்தான் மிச்சம். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு, கழிவுநீரும் சாயக்கழிவும் சுமக்கும் சாக்கடையாக்கப்பட்டது. அது பெருகினால் முதலில் நனைவது கரையோரக் குடிசை. வெள்ளம் வடிந்ததும் அடைப்பெடுக்க இறங்குவதும் அதே குடிசையின் ஆள்.

2016-இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. 2022-இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. இனி நகரத் திட்டங்களில் ‘பாதிப்பு மதிப்பீடு’ என்ற சொல் அடிக்கடி வரும். எவ்வளவு மழை, எவ்வளவு வெயில், எத்தனை பேர் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் வார்டு சராசரி எடுத்தால், மேட்டுத் தெருவும் பள்ளத்துச் சேரியும் ஒன்றாகிவிடும். ‘பட்டியல் சாதி’ என்று ஒரே எண்ணாகப் போட்டால், அருந்ததியர் அதற்குள் மறைந்துபோவார்கள். 2009-இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு தந்த அரசுக்கு இது தெரியாதா?

ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழு, 2022 அறிக்கையில், மக்களின் பாதிப்பை ஆழப்படுத்தும் வரலாற்று அநீதிகளில் ஒன்றாகக் காலனியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அந்த நேர்மை நம் திட்ட அலுவலகங்களுக்கும் வேண்டும். இங்கே அந்தக் காரணத்தின் பெயர் சாதி.

இல்லையென்றால் மதிப்பீடே ஆயுதமாகும். ‘ஆபத்துப் பகுதி’ என்று வரைபடத்தில் சிவப்புப் பூசுவார்கள். மறுநாள் அது ‘ஆக்கிரமிப்பு’ ஆகும். சென்னையில் பார்த்தோம். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை மக்களை அப்புறப்படுத்தி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்கு! நுங்கம்பாக்கம் ஏரியில் எழுந்த வள்ளுவர் கோட்டத்தை யாரும் ஆக்கிரமிப்பு என்றதில்லை.

சேலத்திலும் நாமக்கல்லிலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: தெருவாரியாக, சாதிவாரியாகக் கணக்கெடு. கணக்கை அந்தத் தெருவிலேயே வாசித்துக் காட்டு. இடம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பட்டாவோடு ஊருக்குள் மேட்டில் கொடு.