சோழவரம் முதல் தீவுத்திடல் வரை: விழுப்புரத்துக்காரர் கார் பந்தயம் பார்க்கப் போகும் கதை

விழுப்புரம் என்றதும் ரயில்வே ஜங்ஷன் நினைவுக்கு வரும். திண்டிவனம் என்றால் பாண்டிச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரிகிற ஊர். புளியங்காடாக இருந்ததால்தான் திந்திரிவனம் என்ற பெயர் வந்து, பிறகு திண்டிவனம் ஆனது என்பார்கள். இந்த இரண்டு ஊருக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்? நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இங்கே பந்தயத் தடம் எதுவும் கிடையாது. ஆனால் பந்தயத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே போக வேண்டியிருந்தது, அங்கே எதைப் பார்க்க முடிந்தது என்பதும் பந்தய வரலாறுதான். ஜெயித்தவர் பெயர் கோப்பையில் இருக்கிறது. வேலி ஓரம் நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படவில்லை.

முதலில் கொஞ்சம் வெளிநாட்டுக் கதை. கார் வந்த புதிதில் பந்தயம் என்பது ஊருக்கு ஊர் சாலையிலேயே நடந்தது. வேடிக்கை பார்க்கிறவர்கள் சாலையின் இரு பக்கமும், சில சமயம் சாலை நடுவிலேயும் நின்றார்கள்! 1903-ல் பாரிஸிலிருந்து மாட்ரிட் வரை போக வேண்டிய பந்தயம் போர்தோ நகரத்தோடு நிறுத்தப்பட்டது. காரணம், வழியில் நடந்த சாவுகள். செத்தவர்களில் பார்வையாளர்களும் உண்டு. அதன் பிறகுதான் மூடிய தடம், டிக்கெட், ஸ்டாண்டு என்ற ஏற்பாடுகள் வலுப்பெற்றன. இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் தடம் 1907-ல் திறந்தார்கள்.

தனியாகத் தடம் கட்டப் பணம் இல்லாத நாடுகளுக்கு இரண்டாம் உலகப் போர் ஒரு வசதியைச் செய்து கொடுத்துவிட்டுப் போனது. அதுதான் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகள். நீளமாக, அகலமாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். பந்தயத்துக்கு வேறென்ன வேண்டும்? கல்கத்தா பக்கம் பாரக்பூர், பம்பாயில் ஜுஹு, இலங்கையில் கட்டுக்குருந்த என்று பல இடங்களில் ஓடுபாதைகளில்தான் பந்தயம் நடந்தது. மெட்ராஸுக்குக் கிடைத்தது சோழவரம்.

சோழவரம் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் ஏரிதான் தெரியும். செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், சென்னைக்கு வடக்கே சுமார் 25 கி.மீ. அங்கே போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதை ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் இருந்தது. 1950களில் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருடா வருடம் பந்தயம் நடத்தியது. பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில். 1980களின் கடைசி வரை இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர் கிளம்பினால் என்ன வழி? எழும்பூருக்கு ரயிலில் ஏறக்குறைய 159 கி.மீ. தாம்பரம் முதல் விழுப்புரம் வரை 1960களிலேயே மின்சாரம் வந்துவிட்ட மீட்டர் கேஜ் பாதை அது. திண்டிவனத்துக்காரருக்கு 37 கி.மீ. குறைவு. எழும்பூரில் இறங்கி, பாரிமுனை போய், அங்கிருந்து செங்குன்றம் பஸ் பிடித்து, அதற்கப்புறமும் போக வேண்டும். மெட்ராஸைத் தெற்கிலிருந்து வடக்கு வரை முழுதாகக் கடந்தாக வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். காலையில் முதல் பந்தயத்தைப் பார்க்க நினைத்தால் முந்தின நாளே கிளம்பிவிட வேண்டும். ஓடுபாதை ஓரத்தில் மரமும் இருக்காது, நிழலும் இருக்காது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படியும் கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது. ஏன்?

ஒரு காரணம், ஓடின வண்டிகள். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். அதனால் ராஜா வீட்டுக்காரர்களும் பெரிய தொழிலதிபர்களும் கொண்டுவந்த சில வெளிநாட்டு வண்டிகளைத் தவிர, மற்றதெல்லாம் தெருவில் ஓடுகிற ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான். மெக்கானிக்குகள் இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, எடையைக் குறைத்து, சைலன்சரை மாற்றி ஓடவிட்டார்கள். பைக்கில் ஜாவா, என்ஃபீல்டு, பின்னால் யமஹா ஆர்.டி. 350. தன் ஊரில் டாக்டர் வைத்திருக்கும் அதே ஃபியட், இங்கே காட்டுத்தனமாக வளைவில் திரும்புகிறது! சொந்தக்காரப் பையன் ஒருவன் திடீரென்று மேடையேறி ஆடுவதைப் பார்க்கிற மாதிரி. இன்றைய ஃபார்முலா 1 காரில் இந்த உறவு கிடைக்காது.

இன்னொரு காரணம் வந்து போன ஆட்கள். கோண்டல் அரச குடும்பத்தார் ஓட்டினார்கள். இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். (சிலோனுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே ஓடிய போட் மெயில் ரயிலும் விழுப்புரம் வழியாகத்தான் போனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.) 1980களில் விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா 1 என்சைன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் தானே கார்களை வடிவமைத்து ஓட்டினார். மாருதி 800 இன்ஜினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி 1988-ல் வந்தபோது, நடுத்தரக் குடும்பத்துப் பையன்களும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் உட்கார முடிந்தது. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். இந்தியப் பந்தய உலகம் அதிலிருந்து மீள ரொம்ப நாளானது.

ஆனால் சோழவரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே பார்வையாளருக்கும் காருக்கும் நடுவில் இருந்தது பெரும்பாலும் வைக்கோல் கட்டுகள்தான். அதே காலத்தில் உலகம் என்ன பாடம் படித்துக்கொண்டிருந்தது என்று பாருங்கள். 1955 ஜூன் 11 அன்று பிரான்ஸின் லே மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடஸ் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயத்தையே தடை செய்தது. 1957-ல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஒரு ஃபெராரி சாலையோரம் நின்றவர்கள் மேல் ஏறியது. ஒன்பது பார்வையாளர்கள் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தப் பந்தயம் அதோடு முடிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பது சந்தோஷம்தான், ஆனால் அந்த சந்தோஷத்துக்கு விலை இருந்தது.

அதனால்தான் கிளப் நிரந்தரமான தடம் கட்ட முடிவு செய்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வந்தது. நீளம் 3.717 கி.மீ., 12 வளைவுகள். பக்கத்தில் பின்னாளில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்ததால் அந்தப் பெயர் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ரசிகருக்கு இது லாட்டரி அடித்த மாதிரி! இனி மெட்ராஸுக்குள் நுழையவே வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகலாம். இல்லையென்றால் திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, காஞ்சிபுரம் வழி. அங்கிருந்து பூந்தமல்லி பக்கம் போகிற பஸ் இருங்காட்டுக்கோட்டை வழியாகத்தான் போகும். காலையில் கிளம்பி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், தடம் பக்கத்தில் வந்த பிறகு கூட்டம் குறைந்துவிட்டது. சோழவரத்துக்குத் திரண்ட ஜனம் இருங்காட்டுக்கோட்டைக்குத் திரளவில்லை. 1990களில் வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தது. ஷூமாக்கரையும் ஹக்கினனையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டோடு பார்க்க முடிந்தபோது, வெயிலில் பஸ் மாறிப் போய் உள்ளூர்ப் பந்தயம் பார்க்க யாருக்கு மனசு வரும்? இது ஒரு பகுதிதான். பந்தயம் எப்போது நடக்கிறது என்பதே வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் போனது இன்னொரு பகுதி. கிரிக்கெட் மேட்சுக்கு ஒரு மாதம் முன்பே பேப்பரில் வரும். தேசிய கார் பந்தயத்துக்கு, ஜெயித்தவர் பெயரோடு மறுநாள் உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. ரசிகர்கள் குறைந்தார்கள் என்று சொல்வதைவிட, அவர்களை அழைக்க மறந்துவிட்டார்கள் என்று சொல்வதுதான் நியாயம்.

போகாதவர்கள் இழந்தது கொஞ்சம் அல்ல. கோவை நரேன் கார்த்திகேயன் தன் 15-வது வயதில் முதல் பந்தயம் ஓட்டியது இந்தத் தடத்தில்தான், அதே ஃபார்முலா மாருதியில். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஆஸ்திரேலியாவில் இறங்கி, ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பந்தயத்தை மிக அருகில் பார்க்க இங்கே ஒரு வழியும் உண்டு. வளைவுகளில் நின்று மஞ்சள், சிவப்பு, நீலக் கொடி காட்டுகிற மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். டிக்கெட் வாங்கினவரைவிட அவர்கள் நிற்கிற இடம் நல்ல இடம்! ஆனால் ஆபத்து அங்கே இன்னும் போய்விடவில்லை. 2023-ல் மட்டும் இந்தத் தடத்தில் ஒரு மூத்த கார் ஓட்டுநரும், 13 வயது பைக் ஓட்டும் சிறுவன் ஒருவனும் பந்தயத்தின்போது உயிரிழந்தார்கள்.

சரி, ஃபார்முலா 1-ஐயே நேரில் பார்க்க வேண்டும் என்றால்? 1999 முதல் 2017 வரை மலேசியாவின் செபாங்கில் நடந்தது. இறங்கினால் தமிழ் பேச ஆள் இருக்கிற ஊர். 2005-ல் நரேன் அங்கே 11-வதாக வந்தார். ஆனால் பாஸ்போர்ட், விமான டிக்கெட் என்று பட்ஜெட் எகிறும். பல வருடங்கள் அது நடந்ததும் மார்ச் மாதத்தில். நம் ஊரில் பரீட்சை நேரம்!

2011-ல் அது இந்தியாவுக்கே வந்தது. அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவில் புத்தா தடம், சுற்று 5.125 கி.மீ., மொத்தம் 60 சுற்று. குறைந்த டிக்கெட் 2,500 ரூபாய். விழுப்புரத்துக்கு இதில் ஓர் அனுகூலம் இருந்தது. கன்னியாகுமரியிலிருந்து நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தில் நிற்கும். சென்னையில் இறங்கி வண்டி மாற வேண்டியதில்லை. ஆனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

அங்கே போய்ப் பார்ப்பது எவ்வளவு நேரம்? கணக்குப் போடலாம். ஸ்டாண்டில் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஒரு கார் ஐந்து விநாடி தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், 60 சுற்றுக்கு 300 விநாடி. ஐந்து நிமிஷம்! ஐந்து நிமிஷத்துக்கு நான்கு நாள் ரயில். யார் முந்தினார், யார் பிட்டுக்குள் போனார் என்பதெல்லாம் டிவியில்தான் நன்றாகத் தெரியும். ஆனால் டிவியில் வராதது சத்தம். 2.4 லிட்டர் வி8 இன்ஜின் நிமிஷத்துக்கு 18,000 சுற்று சுற்றும்போது காது மட்டும் அதைக் கேட்பதில்லை, நெஞ்சுக்கூடும் கேட்கும். 2014-ல் அந்த இன்ஜின்கள் ஓய்வு பெற்றன. நொய்டா போனவர்கள் அந்தச் சத்தத்தின் கடைசி மூன்று வருடங்களைக் கேட்டவர்கள்.

மூன்று முறையும் ஜெயித்தது செபாஸ்டியன் வெட்டல். முதல் பந்தயத்தில் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா அணியின் சுட்டில் ஒன்பதாவது வந்தார். சோழவரத்தில் மல்லையா ஓட்டியதைப் பார்த்த ஒருவர் அன்று நொய்டா ஸ்டாண்டில் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்! 2013 அக்டோபர் 27 அன்று வெட்டல் தன் நான்காவது உலகப் பட்டத்தை அங்கேயே உறுதி செய்துகொண்டு, விதியை மீறி ஸ்டாண்டுக்கு முன்னால் காரை வட்டமடித்துப் புகை கிளப்பினார். இறங்கி, கையுறைகளைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். அணிக்கு 25,000 யூரோ அபராதம். அதோடு இந்தியன் கிராண்ட் பிரி நின்றுபோனது. உத்தரப் பிரதேச அரசு இதை விளையாட்டு என்று ஏற்காமல் பொழுதுபோக்கு என்று வரி கேட்டது முக்கியக் காரணங்களில் ஒன்று.

பிறகு பந்தயம் சென்னை நகரத்துக்குள்ளேயே வந்தது. தீவுத்திடலைச் சுற்றி, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக சுமார் 3.5 கி.மீ. வீதித் தடம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. வழக்கும் நடந்தது. மக்கள் பணத்தைப் பந்தயத்துக்குச் செலவழிக்கலாமா என்று சண்டையும் நடந்தது, அந்தக் கேள்வியைத் தப்பு என்று சொல்ல முடியாது. கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவில் மின்விளக்கில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. முதல் நாள் பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதமாகி, கூட்டம் மணிக்கணக்கில் காத்திருந்தது.

தெற்கிலிருந்து பஸ்ஸில் போனவர்கள் 2024 தொடக்கத்திலிருந்தே கிளாம்பாக்கத்தில் இறங்கித்தான் நகரத்துக்குள் போக வேண்டியிருந்தது. ரயிலில் போனவருக்குக் கவலை இல்லை. தீவுத்திடலிலிருந்து எழும்பூர் பக்கம்தான். நள்ளிரவுக்குச் சற்று முன் அங்கிருந்து கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடித்தால், விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழுப்புரம் பிளாட்பாரத்தில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.