மதுரம் நடத்திய சபை

நகைச்சுவை நடிகை டி.ஏ. மதுரத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கலைவாணர் என்று அழைக்கப்பட்ட என்.எஸ். கிருஷ்ணனில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். 1936இல் ராஜா சாண்டோவின் 'வசந்தசேனா' படத்துக்காகப் புனே போன இடத்தில் இருவரும் சந்தித்தது, மணந்தது, அதன் பிறகு இரண்டு பத்தாண்டுகள் ஒன்றாகச் சிரிக்க வைத்தது என்று கதை கோவையாக ஓடிவிடுகிறது. நாகர்கோவிலில் கலைவாணர் கட்டிய வீட்டுக்கே 'மதுர பவனம்' என்று பெயர். அந்த அன்பில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் மதுரம் ஒரு ஜோடியின் பாதி மட்டும்தானா? ஒரு நாடக சபையின் பாரத்தைச் சுமந்த தலைவியாகவும் அவரைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான வலுவான சான்று, கலைவாணர் மேடையிலும் திரையிலும் இல்லாத ஆண்டுகளிலேயே கிடைக்கிறது.

முதலில் மதுரத்தின் தொழிலைப் பார்ப்போம். கலைவாணரின் நகைச்சுவைப் பகுதியைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எழுதித் தனியாகப் படம் பிடிப்பது அன்றைய வழக்கம். 'கண்ணகி', 'மங்கம்மா சபதம்', 'ஹரிதாஸ்' போன்ற படங்களில் அந்தப் பகுதிக்கென்றே கொட்டகைக்கு வந்தவர்கள் உண்டு. அதில் சீர்திருத்தப் பேச்சு நிறைய இருக்கும். வெறும் பிரசங்கமாக இருந்தால் தரை டிக்கெட் எழுந்து போயிருக்கும். போகாமல் பிடித்து வைத்தது மதுரத்தின் எதிர்வாதம். மடக்கிக் கேட்பார், முகத்தைச் சுளிப்பார், பாட்டிலேயே பதிலடி கொடுப்பார். அதுவும் சொந்தக் குரலில். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் பழகியவர். பெண் வேடத்தையும் பையன்களே போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் அந்தப் பயிற்சி எந்தப் பெண்ணுக்கும் கிடைக்க வழியில்லை. அப்படி வளர்ந்தவரோடு சமமாக நின்று, தாளமும் நேரமும் பிசகாமல் மடக்கிப் பேசுவது எளிய வேலையல்ல. துணை வேடம் என்று அதைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி கலைவாணர் இல்லாத அந்த ஆண்டுகள். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் அடுத்த மாதம் பாடக நடிகர் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கும் மேலான காலத்தில் வழக்குச் செலவும் என்.எஸ்.கே. நாடக சபாவும் மதுரத்தின் தலையில் விழுந்தன. சபையிலும் பிளவு வந்தது. நடிகர் கே.ஆர். ராமசாமி பிரிந்துபோய்க் கிருஷ்ணன் பெயரிலேயே வேறொரு சபா தொடங்கினார். இன்னொரு நடிகரான எஸ்.வி. சகஸ்ரநாமம் மதுரத்தோடு நின்றார். அவர்கள் மேடையேற்றிய 'பைத்தியக்காரன்', கிழவனுக்குச் சிறுமியைக் கட்டிவைக்கும் கொடுமையைப் பேசியது. சாந்தாராமின் இந்திப் படமான 'துனியா நா மானே'யைத் தழுவிய கதை அது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1947இல் அது படமாக வந்தபோது மதுரத்துக்கு இரட்டை வேடம். விடுதலையான பிறகுதான் கலைவாணருக்கென்று ஒரு பாத்திரம் அதில் சேர்க்கப்பட்டது. கணவருக்காகத் தொடங்கிய வேலையில் கணவரே பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். ஜோடிக் கதையை மட்டும் சொல்பவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

உண்மையில் சபையை நடத்தியவர் சகஸ்ரநாமம்தானே என்று கேட்கலாம். மேடை நிர்வாகத்தில் அவர் பங்கு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் நட்டம் வந்தால் யார் வீட்டில் விடியும்? படம் தோற்றால் கைவிட்டுப் போவது மதுரத்தின் பொருள், மதுரத்தின் பெயர். பொறுப்பை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு கேள்வி கடினமானது. 1957 ஆகஸ்டில் கலைவாணர் மறைந்த பிறகு, 1974இல் தாம் இறக்கும் வரை மதுரம் ஏன் பழைய இடத்தைப் பிடிக்கவில்லை? அவருடைய திறமை கடன் வாங்கியது என்பதற்கு அதுவே சான்றாகாதா? ஆகாது. நகைச்சுவை நடிகைக்கு அன்றைய தமிழ்ப்படம் கொடுத்த இடமே ஓர் ஆணின் பக்கத்து இடம்தான். சி.டி. ராஜகாந்தத்துக்குக் காளி என். ரத்தினம், எம். சரோஜாவுக்குத் தங்கவேலு. மதுரத்தின் ஜோடியோ அந்தப் பகுதியைத் தாமே எழுதியவர், இயக்கியவர், சில நேரம் முதலாளியும்கூட. அவர் போனதும் எழுதும் கையும் சேர்ந்தே போயிற்று. அதற்குள் பின்னணிப் பாடகர்கள் வந்து, பாடத் தெரிந்த நடிகர் என்ற தனிச்சிறப்பையும் கரைத்திருந்தார்கள். கலைவாணர் மறைந்த மறு ஆண்டு 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகமான மனோரமாவும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான், பாடவும் தெரிந்தவர்தான். ஆனால் அவர் தங்கவேலு, நாகேஷ், சோ என்று பலரோடு மாறி மாறி நடித்தார். ஒரே ஒருவரோடு கட்டிப்போடும் ஏற்பாட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வர அத்தனை காலம் ஆயிற்று.