ஹவாய்ப் போர்வை

ஹவாய்ப் போர்வை என்பது ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டில் உருவான, வளைந்த இலை, பூ வடிவங்கள் கொண்ட தையல் போர்வை ஆகும்.

1820இல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த கிறித்தவ மிஷனரிகளின் மனைவியர், துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் முறையை அத்தீவுப் பெண்களுக்குக் கற்பித்தனர். இம்முறையில் வளைவான துண்டுகளை இணைப்பது கடினம். ஒன்றின் விளிம்பு உட்குழிந்தும் மற்றதன் விளிம்பு வெளிவளைந்தும் இருக்கும். வளைத்து வெட்டிய ஓரம் இழுபட்டுச் சுருக்கம் விழும்.

ஹவாய்ப் பெண்கள் வேறு வழி கண்டனர். ஒரே நிறத் துணியை எட்டாக மடித்து, ஒருமுறை வெட்டி விரித்தனர். பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தை மடித்துப் பூ வெட்டுவதும் இப்படித்தான். விரிந்த வடிவத்தை வெள்ளைத் துணிமேல் பரப்பி, ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடக்கித் தைத்தனர். வளைவோடு வளைவைப் பொருத்தும் வேலையே இல்லாமற் போயிற்று. சீமைப்பலா இலை இதில் புகழ்பெற்ற வடிவம்.

மரப்பட்டையை அடித்து அகலமான ‘கபா’ துணி செய்து, அதில் வண்ணம் பதித்துப் பழகியவர்கள் அவர்கள். முழுத்துணியைத் துண்டாக்கி மீண்டும் இணைப்பது அவர்களுக்கு வீண்வேலையாகத் தோன்றியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். கடைசியாக, வடிவத்தைச் சுற்றிக் கடலலை போல வரிவரியாகத் தையலிட்டு, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்ப்பர்.