இலக்கம் களையும் பயிற்சியின் வரலாறு

எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு சரத்திலிருந்து, அதாவது வரிசையாகக் கோக்கப்பட்ட எழுத்துக்குறிகளின் தொடரிலிருந்து, இலக்கங்களை மட்டும் களைவது நிரலாக்கம் கற்கத் தொடங்குவோருக்கான எளிய பயிற்சியாகக் கருதப்படுகிறது. ஆனால் எது இலக்கம் என்பதைக் கணினி எவ்வாறு அறிகிறது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால், அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு அதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் குறியேற்ற அட்டவணையையே அது நம்பியிருக்கிறது. 1963இல் அமெரிக்காவில் தரமாக வெளியிடப்பட்ட ஆஸ்கி அட்டவணையில், சுழியம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களுக்கு 48 முதல் 57 வரையிலான எண்கள் இடைவெளியின்றி ஒதுக்கப்பட்டன. அவ்வெண்களை இரும முறையில் எழுதினால் கடைசி நான்கு பிட்டுகள், அதாவது இரும இலக்கங்கள், அந்தந்த இலக்கத்தின் மதிப்பாகவே அமையும் வகையில் அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஐபிஎம் தன் சிஸ்டம்/360 கணினிகளோடு அறிமுகப்படுத்திய எப்சிடிக் அட்டவணையில் ஆங்கில எழுத்துகள் இடைவெளிகளோடு துண்டுபட்டுக் கிடந்தாலும், இலக்கங்கள் அங்கும் தொடர்ச்சியாகவே நின்றன. இதனால்தான் 1989இல் உருவான சி மொழித் தரம், இலக்கங்கள் பத்தும் அடுத்தடுத்து வரும் என்று உறுதியளித்தும், எழுத்துகளுக்கு அத்தகைய உறுதி எதையும் தரவில்லை.

அத்தொடர்ச்சியைக் கற்பித்தலுக்குக் கொண்டுவந்ததில் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு குறி சுழியத்துக்குக் குறையாமலும் ஒன்பதுக்கு மிகாமலும் இருந்தால் அது இலக்கம் என்ற சோதனையை அந்நூல் முதல் அத்தியாயத்திலேயே காட்டுகிறது. வேண்டாத ஒரு குறியைச் சரத்திலிருந்து நீக்கும் சிறு செயற்கூறு, அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல் பகுதி, இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அதில் ஒரு சுட்டெண், அதாவது சரத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண், சரம் முழுவதையும் படித்துச் செல்ல, மற்றொன்று வைத்துக்கொள்ள வேண்டிய குறிகளை மட்டும் முன்னிருந்து மீண்டும் எழுதிச் செல்கிறது. புதியவர்கள் இயல்பாக எழுதும் முறை வேறு: இலக்கத்தைக் கண்டதும் அழித்து, எஞ்சியவற்றை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தி, பிறகு அடுத்த இடத்துக்குச் செல்வார்கள். அப்போது இரண்டு இலக்கங்கள் அடுத்தடுத்து இருந்தால், இரண்டாவது இலக்கம் முதலாவதன் இடத்துக்கு வந்துவிட, சோதனை அதைத் தாண்டிப் போய்விடும். இரு சுட்டெண் முறையில் இப்பிழைக்கு இடமில்லை. சரத்தை ஒரே ஒரு முறை கடந்தாலே வேலையும் முடிந்துவிடும்.

மற்றொரு வழி கணிதத்திலிருந்து வந்தது. நரம்பு வலைகளின் கணித மாதிரிகளை ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்த குறியீட்டு முறையே ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது ஒரே வடிவில் அமைந்த சரங்கள் அனைத்தையும் ஒரு சிறு தொடரால் குறிக்கும் முறை. கணினியியலாளர் கென் தாம்ப்சன் அதை உரை தேடும் கருவியாக்கி 1968இல் கட்டுரை வெளியிட்டார். பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் உரைக் கருவிகளிலும், பின்னர் 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியிலும் அது வேரூன்றியது. இலக்கங்களைக் களைவது இவ்வாறு ஒற்றை வரிக் கட்டளையாகச் சுருங்கியது.

எனினும் இவ்வழிகள் நெடுங்காலம் இலக்கம் என்று அறிந்தவை பத்துக் குறிகள் மட்டுமே. உலக மொழிகளின் எழுத்துகளை ஒரே அட்டவணையில் சேர்க்கும் ஒருங்குறியில் தமிழ் இலக்கங்களும் இடம்பெற்றன. அவற்றுள் சுழியம் 2005இல்தான் சேர்ந்தது. 2008இல் வெளிவந்த பைதான் 3இல் சரங்கள் யாவும் ஒருங்குறிச் சரங்கள் என்பதால், அம்மொழியின் இலக்கச் சோதனை ௧, ௨ ஆகியவற்றையும் இலக்கமாகவே ஏற்கிறது. 48 முதல் 57 வரை என்று வரம்பிட்ட பழைய சோதனையோ அவற்றைக் கண்டுகொள்வதில்லை. பத்தைக் குறிக்கும் ௰ ஒருங்குறியில் எண் மதிப்புள்ள குறியாக இருந்தும் இலக்கம் என வகைப்படுத்தப்படாததால், ௰௨ என்ற சரத்தில் பைதானின் சோதனை ௨ஐ மட்டும் களைந்து ௰ஐ விட்டுவிடும். தமிழ் மாணவர்களுக்கு இப்பயிற்சியைக் கொடுக்கும் ஆசிரியர்கள், சோதனைச் சரங்களில் இக்குறிகளையும் தவறாமல் சேர்க்க வேண்டும்.