பொடோசி: வெள்ளி மலைக்குள் போகலாமா?

பொலிவியாவின் பொடோசிக்குப் போறவங்க பலர் சுரங்கத்துக்குள்ளேயும் போய்ப் பார்க்க ஆசைப்படுறாங்க. "பாதுகாப்பா?" என்று கேட்டால், பதில் பயணக் கையேடுகளைவிட அந்த மலையின் வரலாற்றில்தான் இருக்கிறது. நானும் போகலாம்னு நினைச்சுப் படிக்க ஆரம்பிச்சவன்தான்.

மலையின் பெயர் செர்ரோ ரிக்கோ, செல்வ மலை. 1545-ல் ஸ்பானியர்கள் இங்கே வெள்ளி எடுக்க ஆரம்பித்தார்கள. முதலில் கிடைத்தது மேற்பரப்பை ஒட்டிய வளமான தாது. பூர்வகுடிகள் அதைக் காற்றோட்டமான மலைச்சரிவுகளில் களிமண் உலை வைத்து உருக்கினார்கள். நல்ல தாது குறைந்ததும், 1570-களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி டொலேடோ இரண்டு ஏற்பாடுகள் செய்தார். ஒன்று, மட்டமான தாதுவிலிருந்தும் பாதரசம் கலந்து வெள்ளியைப் பிரிப்பது. பாதரசம் பெருவின் ஹுவான்காவெலிகாவிலிருந்து வந்தது. இன்னொன்று 'மீத்தா'. இன்கா காலத்து ஊழியமுறையின் பெயர்தான், ஆனால் இது வேற கதை. குறிப்பிட்ட மாகாணங்களின் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கு வருஷாவருஷம் கட்டாயமாக வேலைக்கு வரணும். அப்படி வந்தவர்கள் ஆண்டுக்குப் பதிமூன்றாயிரத்துக்கும் மேல். இது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

ஆக, தாது போன போக்கிலெல்லாம் தோண்டியிருக்காங்க. எங்க தொழிலில் சொன்னா, பலர் கைபட்டு ஆவணமே இல்லாமல் விட்டுப்போன பழைய கோடு மாதிரி. எந்த வரியைத் தொட்டா எது விழும்னு தெரியாது. 1985-ல் தகர விலை சரிந்து, அரசுச் சுரங்க நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியபின், கூட்டுறவுக் குழுக்கள் அதே பழைய பொந்துகளில் வெள்ளி, துத்தநாகம், ஈயம் தோண்டுகின்றன. 2011-ல் உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது. 2014-ல் யுனெஸ்கோ பொடோசியை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அப்படியும் போறதா இருந்தா: ஊரே சுமார் 4,000 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்தான். வந்திறங்கின அன்னிக்கே குழிக்குள் இறங்காதீங்க. ஆஸ்துமா, இதயக்கோளாறு, குறுகிய இடத்தில் பயம் இருந்தா வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், விளக்கோடு நல்ல முகக்கவசமும் கேளுங்க. அங்கே வேலை செய்தவர் வழிகாட்டியாகக் கிடைத்தால் நல்லது. அவர் "திரும்பலாம்"னு சொன்னா மறுபேச்சு பேசாதீங்க. தொழிலாளர் சந்தையில் டைனமைட்டே பகிரங்கமாகக் கிடைக்கும். நீங்க கோகா இலையும் குளிர்பானமும் வாங்கிக் கொடுங்க, போதும். வேடிக்கைக்காக வெடிக்கச் சொல்றது அநியாயம்.

இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வரும் நமக்கு முக்கியமா பயம் இடிவும் விஷவாயுவும். தினமும் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பவருக்கு அவற்றோடு சிலிகோசிஸும். நுரையீரலில் தங்கிய கல்தூசி திரும்பி வராது.

எனக்கு லேசா வீசிங் உண்டு. அதனால் என் திட்டத்தில் இப்போ நாணயசாலை மட்டும்தான். 1770-களில் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தில், கோவேறு கழுதைகள் சுற்றிச்சுற்றி இழுத்து வெள்ளித் தகடு தேய்த்த மர உருளை எந்திரங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன.