கிந்தாவின் மின்னொளியும் சட்டமும்

தஞ்சோங் ரம்புத்தான் என்றவுடன் மலேசியர் பலருக்கு, 1911-ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையே நினைவுக்கு வருகிறது. ஈயத்தையும் இரப்பரையும் நம்பி வாழ்ந்த அச்சிற்றூரைத் தன்னுள் கொண்ட கிந்தாப் பள்ளத்தாக்கு, நாட்டின் மின்சார வரலாற்றில் பெற்றுள்ள இடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மலாயாவில் மின்சாரம் வீட்டு விளக்குக்காக வரவில்லை, ஈயத்துக்காக வந்தது. 1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி அமைத்து நீர் இறைத்தனர். இத்துறையின் முதல் ஏட்டிலேயே தமிழர் ஒருவர் பெயர் இருப்பதை மாணவர் அறிதல் நன்று. கிந்தாவிலோ நீராவிக் கொதிகலன்கள் விறகை மலைமலையாக விழுங்கின. சுரங்கத்தைச் சுற்றியிருந்த காடுகள் அடுப்புக்குள் போயின. 1926-இல் பேராக் நதி நீர்மின் நிறுவனம் தோன்றியது. 1930-இல் செண்டரோ அணை இயங்கத் தொடங்கியதும், பேராக் ஆற்றின் நீர் கம்பி வழியே கிந்தாவின் சுரங்கங்களுக்குச் சென்றது எனலாம். தூய காற்றை எண்ணிச் செய்த மாற்றமன்று அது; கணக்குப் பார்த்துச் செய்தது. கொதிகலனுக்கு நாள்தோறும் எரிபொருள் வாங்க வேண்டும். ஆற்றுக்கு வாங்க வேண்டியதில்லை.

ஈயம் தோண்டும் கப்பல்கள் இரவிலும் மின்னொளியில் இயங்கின. தோட்டத்து லயன்களிலோ மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மாலையில் சில மணி நேரம் மட்டும் தோட்டத்து மின்பொறி ஓடிய இடங்கள் பேறு பெற்றவை. சுரங்கம் இலாபம் தந்தது, கம்பி அங்கே போயிற்று. லயன் இலாபம் தரவில்லை. இந்த நிலையைச் சந்தை தானாக மாற்றியதில்லை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. செண்டரோ இயங்கத் தொடங்கி அதற்குள் அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

மின்வழங்கலைப் பொதுவுடைமையாக்கிய வரலாறு நீண்டது. 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. பேராக் நதி நிறுவனம் 1982-இல் அதனுடன் சேர்ந்தது. 1990-இல் தெனாகா நேஷனல் பிறந்தது. இச்சட்டங்கள் யாவும் மின்சாரத்தை யார் வழங்குவது என்பதையே பெரிதும் கருதின. எதிலிருந்து எடுப்பது என்பது கொள்கை அறிக்கைகளுக்கு விடப்பட்டது. எண்ணெயை மட்டும் நம்பாமல் நீர், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றையும் நாடுவது என்ற கொள்கை 1981-இல் வந்தது. அதன் விளைவை இரு முகமாகப் பேராக்கிலேயே காணலாம். மேற்பேராக்கில் 1978-இல் முடிந்த தெமெங்கோர் அணையைத் தொடர்ந்து பெர்சியாவும் கெனெரிங்கும் எழுந்தன. கடற்கரையில், மஞ்சோங்கில், இறக்குமதி நிலக்கரியை எரிக்கும் 2,100 மெகாவாட் நிலையம் 2003-இல் நிறைவெய்தியது. உள்நாட்டு பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1960-இலேயே மூடப்பட்டுவிட்டது என்பதை ஈண்டு நினைத்தால் வியப்பே மிஞ்சும்.

2005-க்குள் ஐந்து விழுக்காடு மின்சாரம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வர வேண்டும் என்று வகுத்த இலக்கு நிறைவேறவில்லை. கொள்கைக்குக் கட்டாயம் இல்லை. அதனால் கடமையும் இல்லை. அக்குறையை நீக்க வந்ததே 2011-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம். கதிரவன், உயிர்ப்பொருள், உயிர்வாயு, சிறுநீர்மின்சாரம் ஆகியவற்றால் பிறர் ஆக்கும் மின்சாரத்தை, குறித்த விலையில், குறித்த ஆண்டுகள் வாங்க வேண்டும் என்று மின்வழங்கு நிறுவனத்தைச் சட்டம் கட்டியது. கதிரவனுக்கும் சிறு நீர்மின்சாரத்துக்கும் 21 ஆண்டு. மற்ற இரண்டுக்கும் 16. சிறு நீர்மின் நிலையத்துக்கு 30 மெகாவாட்டே எல்லையாதலால் தெமெங்கோர் போன்ற பேரணைகள் இதில் அடங்கா.

செலவைத் தாங்குவோர் யார்? மின்கட்டணத்தில் முதலில் ஒரு விழுக்காடும், 2014 முதல் 1.6 விழுக்காடும் சேர்க்கப்பட்டன. மாதம் 300 அலகுக்கு மேற்படாத வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சிறுவருவாய்க் குடும்பங்களை மறவாத இவ்விதியே அச்சட்டத்தின் சிறந்த பகுதி.

பேராக்கு இதனைத் தானே இயற்றியிருக்க முடியாதா என்று மாணவர் கேட்கக்கூடும். அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மின்சாரம் கூட்டரசுக்கு உரியது. ஆறும் நிலமும் மாநிலத்துக்கு உரியவை. ஆற்றில் சிறுநிலையம் கட்ட விரும்புவோர் மின்சாரத்துக்குப் புத்ராஜெயாவையும், நீருக்கும் நிலத்துக்கும் ஈப்போவையும் நாட வேண்டும்.